சர்வருக்கு வைத்த பெயர்

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. வகுப்புக்கு இரண்டு பேருக்காவது இருக்கிற சாதாரணப் பெண் பெயர்தான். எழுதினால் குடி முழுகிப் போகாது. ஆனாலும் மனசு வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகம், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போகிற சாலையில், புதுப்பட்டினத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. பாலமும் பெரிய கட்டடமும் கட்டுகிறவர்களுக்கு எந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற சின்னக் கம்பெனி. தலைமை அலுவலகம் பம்பாயில். நான் கூடுவாஞ்சேரியில் ரயிலேறி, செங்கல்பட்டில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வருவேன். உப்புக் காற்றில் அலுவலகத்து ஜன்னல் கம்பிகள் எல்லாம் துருவேறி, விரலால் தொட்டால் உதிரும். துருப்பிடிக்காத ஒரே இடம், அலுவலகத்துக் கணக்கெல்லாம் ஓடுகிற பெரிய கம்ப்யூட்டர்களான சர்வர்கள் இருந்த ஏசி அறை. அங்கேதான் எனக்கு நாற்காலி. அவற்றைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டம் அட்மின் என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்ததில் அங்கே பலருக்கு நம்பிக்கையில்லை. முதல் மாதம் முழுக்க என்னிடம் டைப் அடிக்கக் காகிதம் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அவற்றை அப்படியே அடுக்கி ஏசிக்குக் கீழே தண்ணீர் சொட்டுகிற இடத்தில் வைத்தேன். பிறகு கொண்டுவரவில்லை.

யூனிக்ஸில் ஓடுகிற இந்த மாதிரி இயந்திரம் ஒன்றை மற்றவற்றோடு வலையில் சேர்க்கும்போது முதல் காரியம் அதற்குப் பெயர் வைப்பது. ஹோஸ்ட்நேம் என்பார்கள். மற்ற இயந்திரங்கள் அதைத் தேடுவதும் கூப்பிடுவதும் அந்தப் பெயரில்தான். பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து டொமைன் பெயர் வரும். அது எந்த வீட்டுப் பிள்ளை என்பதைச் சொல்வது. நம் இனிஷியல் மாதிரி. நமக்கு முன்னால் வரும், அதற்குப் பின்னால் வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மற்ற அலுவலகங்களில் கிரகங்களின் பெயர், ஆறுகளின் பெயர் என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் பெயர். யாரோ ஒரு மேனேஜர் முதல் இயந்திரத்துக்குத் தன் பையன் பெயரை வைத்துவிட்டுப் போக, அதுவே வழக்கமாகிவிட்டது. புது இயந்திரம் வந்தால் யார் முறை என்று அடிதடி நடக்கும். முறை வந்தவர் சாக்லேட் வாங்கி வர வேண்டும். இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பெற்றவரே உட்கார்ந்து பெயரை அடிக்க வேண்டும். அடித்து முடித்ததும், குழந்தையின் காதில் சொல்வதுபோல, பிளாப்பி சொருகுகிற வாயருகே குனிந்து மூன்று முறை அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். கணக்கில் புலிகளான இன்ஜினீயர்கள் இதைக் கைதட்டிக்கொண்டு செய்வார்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். பிடித்தும் இருந்தது.

நான் சேர்ந்தபோது இருந்ததிலேயே பெரிய சர்வர், அதே அறையில் அதே வேலை பார்த்த என் சீனியரின் மகள் பெயரில் இருந்தது. அவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவருடைய மனைவி அதே அலுவலகத்தில் வரைபடங்களைக் காக்கிற பிரிவில் இருந்தார். எனக்கு அவர் அக்கா. இருவரும் புதுப்பட்டினத்திலிருந்து ஒரே ஸ்கூட்டரில் வந்து ஒரே ஸ்கூட்டரில் போவார்கள். ஒரே பெண். ஆயுத பூஜை அன்று அலுவலகத்துக்கு வந்தால் நேராக என் அறைக்குத்தான் வருவாள். கதவைத் திறக்கும்போதே, "ஆன்ட்டி, நான் எப்டி இருக்கேன்?" என்பாள். தன்னைப் பற்றிக் கேட்கவில்லை, சர்வரைப் பற்றிக் கேட்கிறாள். "இன்னிக்குக் கொஞ்சம் சூடா இருக்கே" என்று சொன்னால், அதன் பெட்டிமேல் கையை வைத்துப் பார்ப்பாள்.

சர்வர் அவ்வப்போது மக்கர் செய்யும். அப்போதெல்லாம் அந்தப் பெயர்தான் அலுவலகம் முழுக்கக் கேட்கும். "அவ படுத்துட்டா", "அவ தொங்கிட்டா", "அவளைக் கொன்னுட்டு மறுபடி எழுப்பு" என்று மாடியிலிருந்து கத்துவார்கள். சாரும் சேர்ந்துகொள்வார். "அப்படியே அவங்க அம்மா. கோவம் வந்தா வாயே திறக்க மாட்டா" என்பார். பக்கத்து அறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து முறைப்பார்.

சாரின் மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, மழைக்காலத்தில், காய்ச்சல் என்று படுத்தாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மூளைக்குப் போய்விட்டது. செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் வேலை முடிந்து ரயிலுக்குப் போகிற வழியில் பார்க்கப் போனேன். அக்கா வராந்தாவில் ஒரு பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சார் மாத்திரைச் சீட்டோடு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார். அந்த வாரமே அவள் போய்விட்டாள். எனக்கு அன்று அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

காரியம் முடிந்து இருவரும் வேலைக்குத் திரும்பினார்கள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று அக்கா சொன்னதாகக் கேள்வி. அலுவலகத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. சர்வரைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால், "அந்தப் பெரிய மெஷின்" என்று கையைக் காட்டினார்கள். ஆனால் நாக்கு பழகிய பழக்கம் இருக்கிறதே. திரையில் அந்தப் பெயர். பிரின்ட் எடுக்கிற ஒவ்வொரு காகிதத்தின் தலையிலும் அந்தப் பெயர். ஒரு கட்டளை அடித்து முடித்தால் அடுத்த கட்டளைக்காக அந்தப் பெயர்தான் வரி தொடக்கத்தில் வந்து காத்துக்கொண்டிருக்கும். சார் ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை அதைப் பார்த்திருப்பார்.

ஒரு நாள் மதியம், ஸ்டோர் பார்க்கிறவர் வேகமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். புதுப்பட்டினத்துக்காரர், நல்ல மனுஷன், வாய்க்கு மட்டும் பூட்டில்லை. பெயரைச் சொல்லி, "செத்துட்சு மேடம், இன்னான்னு வந்து பாருங்க, மேல எல்லாம் சும்மா குந்திகினு கீறாங்க" என்றார். சார் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

கவனித்ததும் அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. சார் போய் சர்வரின் முன்னால் உட்கார்ந்தார். அதை நிறுத்தி, மறுபடி போட்டார். அது எழுந்து வர நேரமாகும். வரி வரியாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பெயர் வந்து நின்றது. பழக்க தோஷம், சார் எங்கள் பக்கம் திரும்பி, "வந்துட்டா" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். எழுந்து வெளியே போனார். மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். யாரும் அந்தப் படி வழியாக ஏறவோ இறங்கவோ இல்லை. ஸ்டோர்காரர் என் அறை மூலையில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "பேஜாரா பூட்ச்சு மேடம். வாய்ல வந்துட்ச்சு. நான் இன்னா ஜென்மம்?" என்று கண் கலங்கினார். அவரைத் திட்டலாம் என்றிருந்தேன். திட்டவில்லை.

அதற்குச் சில மாதம் கழித்து பம்பாயிலிருந்து உத்தரவு வந்தது. கம்பெனி முழுவதற்கும் ஒரே டொமைன் வாங்கியாயிற்று, எல்லா ஊர்களிலும் எல்லா இயந்திரங்களையும் அதற்குள் கொண்டுவர வேண்டும். இயந்திரத்தின் பெயரை மாற்றச் சொல்லவில்லை, பின்னால் வருகிற டொமைனை மட்டும்தான். சார் என் மேஜைக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஏம்மா, டொமைன் மாத்தறப்பவே அந்தப் பேரையும் எடுத்துடு. ஊர் பேரும் நம்பரும் போட்டுக்கலாம்" என்றார்.

"அக்கா கிட்ட கேட்டீங்களா சார்?"

"அவளுக்கும் இதுக்கும் என்ன இருக்கு? அவ டிராயிங் பாக்கறா." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "காலையில வந்ததும் எல்லா மெஷினையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கறோம் இல்ல? பேரை அடிச்சா, உயிரோட இருக்குன்னு பதில் வருது. தினமும் அதைப் படிச்சுட்டு என்னால வேலை பாக்க முடியலம்மா. பேரை எடுத்தா இருப்பேன். இல்லன்னா வேலையை விட்டுட்டுப் போயிடுவேன்."

அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. அந்த வேலையும் இல்லாவிட்டால் அந்த மனிதர் என்ன ஆவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆளில்லாத அலுவலகத்தில் உட்கார்ந்து மாற்றினோம். விவரம் தெரியாதவர்கள் பெயரை ஓர் இடத்தில் மாற்றினால் போதும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. இயந்திரம் எழும்போது தன் பெயரைப் படித்துக்கொள்கிற கோப்பு ஒன்று. பெயருக்கும் எண்ணுக்கும் முடிச்சுப் போடுகிற கோப்பு ஒன்று. வலை அட்டைக்குத் தனியாக ஒன்று. அஞ்சல் அனுப்புகிற நிரலுக்குள் ஓர் இடம். பிரின்டருக்கு ஓர் இடம். இது போதாதென்று அலுவலகத்தில் உள்ள மற்ற இயந்திரங்கள் எல்லாம் இதன் பெயரைத் தங்களுக்குள் எழுதி வைத்திருக்கும். ஒன்றை விட்டால் அடுத்த நாள் பாதி அலுவலகம் படுத்துவிடும். அதனால் டிஸ்க் முழுவதும் அந்தப் பெயரைத் தேடச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம்.

திரை நிறைந்து மேலே ஓட ஆரம்பித்தது. வரிக்கு வரி அவள் பெயர். சார் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து, "மாத்து" என்பார். நான் மாற்றுவேன். அடுத்தது. "மாத்து." ஆணி பிடுங்குகிறவர் மாதிரி, நிதானமாக.

நடுவில் ஒரு கோப்பு வந்தது. சாருடைய சொந்தக் கோப்புகள் இருக்கிற அடைவில், வருடக்கணக்காக யாரும் தொடாதது. திறந்தேன். பக்கம் பக்கமாக அவள் பெயர், இடைவெளி விட்டும் விடாமலும், பெரிய எழுத்திலும் சின்ன எழுத்திலும். ஏதோ ஒரு ஆயுத பூஜை அன்று அப்பாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து அடித்துத் தள்ளியிருக்கிறாள். நான் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டேன்.

சார் நெடுநேரம் அதைப் பார்த்தார். "இது மெஷின் பேரு இல்லம்மா. இது அவ பேரு. மூடிடு" என்றார். மூடினேன். அடுத்த வரிக்குப் போனோம்.

மதியம் இயந்திரத்தை நிறுத்தி மறுபடி போட்டோம். ஊர்ப்பெயரின் சுருக்கமும் ஓர் எண்ணும் வந்து நின்றன. லாட்ஜ் அறைக் கதவுபோல இருந்தது. சார் "சரி" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

திங்கட்கிழமை எல்லாம் ஒழுங்காக ஓடின. நான் கொஞ்சம் பெருமையாகக்கூட உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில், சார் கேன்டீனுக்குப் போயிருந்தபோது, அக்கா என் அறைக்கு வந்தார். அந்த அறைக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. கதவருகிலேயே நின்று, "காலையில வர்ற மெயில் வேற எங்கேர்ந்தோ வந்திருக்கும்மா" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. தினமும் காலையில் சர்வர் தானாகவே எல்லாருக்கும் ஒரு மடல் அனுப்பும். டிஸ்க்கில் இவ்வளவு இடம் மீதி இருக்கிறது, வேண்டாத கோப்புகளை அழியுங்கள் என்று. அதை யாரும் படிப்பதில்லை. நான் உட்பட எல்லாரும் வந்ததும் அழித்துவிடுவோம். அனுப்புநர் இடத்தில் சர்வரின் பெயர் இருக்கும்.

"அது அதே மெயில்தான் அக்கா. மெஷினுக்குப் பேரு மாத்திட்டோம்" என்றேன்.

அக்கா உள்ளே வந்து, சாரின் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் அதை அழிக்கறதில்லம்மா. எல்லாத்தையும் வெச்சிருக்கேன். காலையில வந்ததும் திறந்தா, அவ பேர்ல ஒரு லெட்டர் வந்திருக்கும். உள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்கு ஒண்ணும் புரியாது. பேரை மட்டும் பாப்பேன்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார். "வீட்ல போட்டோவைக் கழட்டி பீரோவுக்குள்ள வெச்சிட்டாரு. யாராவது அவ பேரைச் சொன்னா எழுந்து வெளியில போயிடறாரு. அவர் படற பாட்டைப் பாக்க முடியாம நானும் சொல்றதை விட்டுட்டேன். பெத்தவ வாய்ல அந்தப் பேரு வந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? இங்க ஒரு எடத்துலதான் தெனமும் வந்துச்சு. அதையும் எதுக்கும்மா எடுத்தீங்க?"

சார்தான் சொன்னார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் அந்த வீட்டில் மிச்சம் இருந்ததும் போயிருக்கும். "பாக்கறேன் அக்கா" என்றேன். அவர் எழுந்து, "அவர் கிட்ட சொல்லிடாதம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே அந்தக் காலை மடலை அனுப்புகிற சின்ன நிரலைத் திறந்தேன். அக்காவுக்குப் போகிற பிரதியில் மட்டும் அனுப்புநர் இடத்தில் பழைய பெயர் வரும்படி ஒரு வரி சேர்த்தேன். சோதித்துப் பார்த்தால் மடல் திரும்பி வந்துவிட்டது. புது ஏற்பாட்டில் எல்லா மடலும் பம்பாய் வழியாகத்தான் போகும்; அங்கிருந்த அஞ்சல் சர்வர் புது டொமைனுக்குள் தேடிப் பார்த்து, அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று எழுதித் திருப்பியிருந்தது. அந்த வாசகத்தை இரண்டாவது முறை படிக்காமல் அழித்தேன். பிறகு எங்கள் பகுதியின் பெயர்ப் பட்டியலில் புது சர்வருக்கு மறுபெயராக அவள் பெயரைச் சேர்த்தேன். அதற்குப் பிறகு மடல் போயிற்று. மறுநாள் காலை, நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது அக்கா ஜன்னலருகே நின்றிருந்தார். தலையை மட்டும் லேசாக அசைத்தார்.

அப்படியே வருடங்கள் ஓடின. சார் வேலையை விடவில்லை. அக்கா காலையில் மடலைத் திறந்தார். இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து போனார்கள். பார்க்கப் பார்க்க எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பேரையும் பிடித்து ஓர் அறையில் தள்ளி, அழுது தீருங்கள் என்று கதவைச் சாத்தலாம் போலிருக்கும். ஆனால் அது என் வேலை இல்லை. எனக்கு அந்தத் துக்கத்தில் பங்கு ஒரு வரி நிரல்தான்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் அந்தப் பெரிய சர்வர்களுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. லினக்ஸ் போட்ட சாதாரணப் பெட்டிகளே அந்த வேலையைச் செய்தன. பழையதைக் காயலான் கடைக்கு எடுத்துக்கொண்டு போக ஆள் வந்து, கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் புதுப் பெட்டிக்குப் பெயரும் டொமைனும் கொடுத்துக்கொண்டிருந்தேன். சார் வந்து என் பின்னால் நின்றார்.

"காலையில போற மெயில் புரோகிராமையும் இதுக்கு மாத்திட்டியா?"

"இன்னும் இல்ல சார்."

"மாத்தறப்ப, நீ எழுதின அந்த ஒரு வரியை விட்டுடாத."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"எப்ப சார் பாத்தீங்க?"

"நீ எழுதின மறுநாளே. நானும் அட்மின்தானேம்மா. என்ன மாறியிருக்குன்னு பாக்க மாட்டேனா?"

அத்தனை வருடம் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "நல்லா இருக்கு சார். அவங்க உங்க கிட்ட சொல்லாதன்னாங்க. நீங்க தெரிஞ்சுகிட்டே தெரியாத மாதிரி இருக்கீங்க. ஒரே வீட்லதானே இருக்கீங்க ரெண்டு பேரும்? எனக்கும் தெரியும்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" குரல் உயர்ந்துவிட்டது. கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்கள் பழைய சர்வரை வெளியே கொண்டுபோனதும் சார் கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா, படிக்கறதை நிறுத்திடுவாம்மா. எனக்குக் கஷ்டமா இருக்கும்னு நிறுத்திடுவா. வீட்ல எல்லாத்தையும் அப்படித்தான் எனக்காக நிறுத்தினா. நான் நிறுத்தச் சொல்லல, ஆனா நிறுத்திட்டா. இது ஒண்ணாவது அவளுக்கு இருக்கட்டும்."

புதுப் பெட்டியில் அந்த நிரலைத் திறந்து, அந்த வரியை மறுபடி அடித்தேன். அவர் திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். விசைச் சத்தம் நின்றதும், "எழுதிட்டியா?" என்றார்.

"எழுதிட்டேன் சார்."

"பேரு சரியா இருக்கான்னு ஒரு தடவ படிச்சுக் காட்டும்மா."

படித்தேன். அவர் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தடவ" என்றார்.